தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டைச் சீர்செய்வது: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாத்தாவோ பாட்டியோ வாழ்ந்த வீட்டின் சாவி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கொஞ்ச காலமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. இந்த நிலையில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், தொட மனசு வராமல் மறுபடியும் பூட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் வழியில் நினைவு போய்விடும். இரண்டாவது வழியில் வீடே போய்விடும், ஏனென்றால் பூட்டிய வீட்டில் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஆள் இல்லை.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் பதிவு, அப்புறம் காகிதம், அப்புறம் பொருட்கள், அதன் பிறகே கட்டட வேலை. கட்டட வேலையிலும் முதலில் தண்ணீர், கடைசியில் வண்ணம். வரிசை மாறினால் செய்த வேலையையே இன்னொரு தடவை செய்ய நேரும். சில விஷயங்களில் இன்னொரு தடவை என்ற வாய்ப்பும் கிடையாது.

முதல் படி: எதையும் நகர்த்தாமல் பதிவு செய்யுங்கள்

முதல் நாள் துடைப்பம் வேண்டாம், கைபேசி போதும். வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையையும் ஒரே திசையில் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். எடுக்கும்போதே பேசுங்கள். "இந்த ஜன்னல் பக்கம்தான் பாட்டி நாற்காலி போட்டு உட்காருவார்", "இந்த ஆணியில்தான் தாத்தாவின் குடை தொங்கும்" என்று நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போங்கள். குரல் இல்லாத வீடியோ சில வருடங்களில் வெறும் அறையின் படமாகிவிடும்.

அடுத்து அலமாரி, மேஜை இழுப்பறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளிருப்பதைக் கலைக்காமல் படம் எடுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் மூடி தொலைந்த பேனா, அதன் கீழே மடித்து வைத்த ரசீது. ஒருவர் தன் நாளை எப்படி நடத்தினார் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. பொருட்களைப் பத்திரமாக எடுத்து வைத்தாலும் வரிசை கலைந்தது கலைந்ததுதான்.

பலர் தவறவிடும் சில இடங்களைச் சொல்கிறேன். கதவு நிலையில் பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள். தொலைபேசி இருந்த இடத்துக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள். சுவிட்சுகளின் கீழே ஒட்டிய பெயர்ச்சீட்டுகள். பழைய காலண்டர்களின் ஓரக் குறிப்புகள். எங்கள் தாத்தா பல்பு மாற்றினால் அதன் அடிப்பகுதியில் மாற்றிய தேதியை எழுதிவைப்பார். இப்படி ஒரு பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம், கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வண்ணம் அடிக்க வருபவருக்கு இவையெல்லாம் அழுக்குதான். அதனால் படம் எடுத்த கையோடு அந்த இடங்களில் "தொட வேண்டாம்" என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

பெரியவர்களில் யாராவது இருந்தால் அவர்களை அந்த வீட்டுக்கே அழைத்து வந்து பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். இதை யார் வாங்கியது? முதலில் எந்த அறையில் இருந்தது? அப்போது அந்த அறையில் யார் படுத்திருந்தார்கள்? பொருளிலிருந்து இடத்துக்கு, இடத்திலிருந்து ஆளுக்கு என்று பேச்சு தானாக நகரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைபேசியை அவர்கள் பக்கத்தில் வையுங்கள். வருடம் தப்பாகச் சொன்னால் இடையில் திருத்தாதீர்கள். இரண்டு தடவை திருத்தினால் மூன்றாவது கதை வராது. களைத்துப்போவதற்கு முன்பே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு நீங்கள் எடுத்த வீடியோவைக் காட்டி, அங்கங்கே நிறுத்திக் கேட்கலாம்.

இரண்டாம் படி: காகிதங்கள், படங்கள், ஒலிநாடாக்கள்

காகிதத்தில் இரண்டு வகை உண்டு: சட்டத்துக்கு வேண்டியது, மனசுக்கு வேண்டியது. முதல் வகையை முதலில் தேடுங்கள். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, வரைபடம், வங்கி, காப்பீடு தொடர்பான தாள்கள். இவை பெட்டியில் மட்டும் இருக்காது. புத்தகப் பக்கங்களுக்கு நடுவில், இழுப்பறையின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே, படச்சட்டத்தின் பின்பக்கம், பழைய கோட்டுப் பையில் என்று எங்கேயும் இருக்கும். எனவே முதல் சுற்றில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் குப்பையில் போட வேண்டாம். எல்லாவற்றையும், எந்த அறையில் எடுத்தது என்று எழுதிய பெட்டிகளில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, வீடு யார் பெயரில் இருக்கிறது, யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்பது தெளிவாகும் முன் பெரிய செலவில் இறங்காதீர்கள். கூரைக்குப் பணம் போட்ட பிறகு "எங்களைக் கேட்டாயா?" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்வது கஷ்டம். பங்குள்ள எல்லோரிடமும், எந்த வேலைக்கு யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவுதானே என்று தயங்குபவர்கள் உண்டு. உறவு நெருக்கமாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

மனசுக்கு வேண்டிய காகிதங்களுக்குச் சில விதிகள். குண்டூசி, கிளிப் இவற்றைக் கழற்றிவிடுங்கள், துருவேறிக் கறை படியும். கிழிந்த கடிதத்தை ஒட்டும் நாடாவால் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. போட்டதைத் திரும்பப் பிரிக்க முடியாது. படத்தின் பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் சரி. பந்துமுனைப் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம், அப்படியே தனியாக வைத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி உள்ளே படத்தை ஒட்டும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. அந்தப் பசை படத்தை மெல்லக் கெடுக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, வாள் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் படம் கழன்று வரும். வர மறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம், ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) அளவில் ஸ்கேன் செய்தால் போதும். சின்னப் புகைப்படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள், பிறகு பெரிதாக்க முடியும். பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

ஒலிநாடா கிடைத்தால் உடனே போட்டுக் கேட்கத்தான் தோன்றும். அதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளைப் பாருங்கள். அவை உடையாமல் இருந்தால், தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்திய நொடியே பழைய குரல் அழியும். அவற்றை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் புதிதாக எதையும் பதிய முடியாது. ஒடித்த பிறகு போடுங்கள். பூஞ்சை படிந்த நாடாவைப் போடவே வேண்டாம். பழைய படச்சுருளில் காடி (வினிகர்) வாசனை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, அதையே முதலில் டிஜிட்டலாக மாற்றக் கொடுங்கள்.

பூச்சி விழுந்த புத்தகங்களுக்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் தாளில் ஈரம் கோக்காது.

மூன்றாம் படி: யாருக்கு எது

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே நாளில் நேரில் வாருங்கள், தொலைபேசியில் பங்கு பிரிக்காதீர்கள். ஆளுக்கொரு நிறச் சீட்டு எடுத்துக்கொண்டு, வேண்டிய பொருளில் ஒட்டுங்கள். ஒரே ஒரு சீட்டு ஒட்டியது அவருக்கு. பல சீட்டுகள் ஒட்டியவற்றை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். சண்டை விலை உயர்ந்த பொருளில் வருவது அரிது. பிடி உடைந்த கரண்டிக்கும், உட்கார்ந்து குழி விழுந்த முக்காலிக்கும்தான் வரும். அதைக் கேலி செய்யாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என் அபிப்பிராயம், தினமும் கைபடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வது மேல். தாத்தாவின் நாற்காலியில் தினமும் உட்காரும் வீட்டில் அவர் பெயர் தினமும் வரும். பரணில் ஏற்றிய பத்து நாற்காலிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நான்காம் படி: வீட்டை மேலிருந்து கீழே பாருங்கள்

இப்போதுதான் கட்டடத்துக்கு வருகிறோம். பார்வையிட நல்ல நாள் மழை நாள். மழை விடாமல் பெய்யும்போது கூரையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, கூரையில் உள்ளே நுழையும் இடம் வேறொன்று. மரத்தின் வழியே வழிந்து வந்து தாழ்வான இடத்தில்தான் சொட்டும். ஈரத்தடத்தைப் பின்தொடர்ந்து மேலே போய், நுழையும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். வெளியே வந்து கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரோரம் தேங்குகிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுவரில் விரிசல் இருந்தால் பதற வேண்டாம். அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி அளங்கள். கோடு தாண்டாமல், அளவு மாறாமல் இருந்தால் அது என்றோ நின்றுபோன விரிசல், பூசிக்கொள்ளலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் அகலமாகிக்கொண்டே வந்தால் அடித்தளம் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்; அப்போது கட்டடப் பொறியாளரைக் கூப்பிடாமல் ஒரு கரண்டி பூச்சும் வைக்காதீர்கள்.

மரத்தைச் சோதிக்கத் திருப்புளி போதும். விட்டம் சுவருக்குள் நுழையும் இடம், நிலையின் அடிப்பாகம், ஜன்னலின் கீழ்ச்சட்டம் ஆகிய மூன்றிலும் லேசாகக் குத்திப் பாருங்கள். உறுதியான மரம் எதிர்த்து நிற்கும். உளுத்தது வழிவிடும். தட்டினால் பொத்தென்று சத்தம் வருவதும், சுவரோரம் மண் குழாய்போல் கோடுகள் ஏறுவதும் கறையானின் வேலை. சின்னத் துளைகளும் அடியில் மாவுபோல் தூளும் இருந்தால் மரவண்டு. தூளைத் துடைத்துவிட்டு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

மின்கம்பிகளை நீங்களே தொட வேண்டாம். பழைய ரப்பர் உறை காலப்போக்கில் இறுகி, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். வெளியே சுவிட்ச் நன்றாக வேலை செய்தாலும் உள்ளே இந்த நிலைமை இருக்கலாம். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆளைக் காக்கும் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்க வேண்டும்.

பழைய வீட்டில் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை தேவை. ஒன்று, பழைய பெயிண்ட். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்து. ஆகவே பழைய கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டாவது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கூரைத்தகடும் குழாயும். முழுசாக, உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இல் இதற்குத் தடை வந்துவிட்டது. அகற்றத் தெரிந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி: தண்ணீரை நிறுத்துங்கள், சுவரை உலர விடுங்கள்

பழைய வீட்டின் நோய்களில் பெரும்பாலானவை ஒரே நோய்தான்: தண்ணீர் தப்பான இடத்துக்குப் போகிறது. பூச்சு உதிர்வதும், மரம் உளுப்பதும், அறையில் பூஞ்சை வாடை வீசுவதும், கறையான் வருவதும் அதன் பிள்ளைகள். அதனால் முதல் செலவு கூரைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் போகட்டும். மொத்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். பழைய பூச்சைத் தட்டினால் பின்னால் என்ன இருக்கும் என்று கொத்தனாருக்கும் தெரியாது.

அடுத்து ஓதம். சுவரின் அடிப்பக்கம் ஒரு மீட்டர் உயரம்வரை ஈரமாகி, மேலே வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது என்றால் தரை ஈரம் ஏறுகிறது. இதற்கு ஊசி மருந்து, பூச்சு மருந்து என்று பலர் பல சொல்வார்கள். அதற்கு முன் வெளியே போய்த் தரைமட்டத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் மண் நிரவி, நடைபாதை போட்டு, அதன் மேல் இன்னொரு தளம் போட்டு, வெளித்தரை வீட்டின் உள்தரைக்குச் சமமாகவோ மேலேயோ வந்திருக்கும். வெளிமட்டம் உள்மட்டத்துக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். சுவரோரம் வெட்டி இறக்கித் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்தாலே பல வீடுகளில் ஓதம் அடங்கிவிடும். செலவு கம்மி என்பதால் இந்த யோசனையை யாரும் சொல்வதில்லையோ என்னவோ.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியவில்லையா? ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து. சுவர்ப்பக்கம் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

சரி, தண்ணீர் நின்றுவிட்டது. உடனே பூசலாமா? கூடாது. நனைந்த சுவர் உலர, 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. 230 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகும். அத்தனை மாதமா என்று மலைக்க வேண்டாம்; உதிரும் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டு, மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

ஆறாம் படி: பூச்சு

ஒரு பழைய வீட்டை நல்ல எண்ணத்தோடு கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். அது எல்லா ஊருக்கும் சாதாரணக் கட்டுமானப் பொருளாகப் போய்ச் சேர 20-ஆம் நூற்றாண்டு ஆனது. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ கட்டியவை. அந்தச் சுவர் மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் வாங்கிய ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பி, கல்லை அரித்து, கடைசியில் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது பழைய கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு போகும்.

உங்கள் சுவர் எந்த வகை என்று பார்க்க, உதிர்ந்த இடத்தில் இணைப்புக் காரையை ஒரு சாவியால் சுரண்டுங்கள். வெளிறி, மென்மையாக, மாவுபோல் வந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், சாவியே வழுக்கினால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமெண்ட் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு போடுவதில் தப்பில்லை.

சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகுவது. ஆகவே ஒரே மூச்சில் தடிமனாக அப்பக் கூடாது. ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் அளவில் பூசி, அது கெட்டிப்பட்ட பிறகு அடுத்த சுற்று. பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும். பூசிய பிறகு நேர் வெயில் படாமல் சாக்குத் திரை கட்டி, சில நாட்களாவது தண்ணீர் தெளித்து வர வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். இதற்குப் பழகிய கொத்தனார் குறைவு. வேலை கொடுக்கும் முன் மறைவான ஒரு சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசச் சொல்லி, சில வாரம் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலே அடிப்பதும் மூச்சு விடும் வண்ணமாக இருக்க வேண்டும்: சுண்ணாம்பு அல்லது சிலிகேட் வகை. பளபளக்கும் பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்தால் இத்தனை பாடும் வீண்.

பூச்சு போடும் முன் ஒரு வேலை. புதிதாகப் போகும் மின்கம்பிக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் சுவர் மூடுவதற்குள் போட்டு முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் அளவுநாடாவை விரித்துப் பிடித்து, குழாய் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது இந்தப் படங்களின் அருமை தெரியும்.

ஏழாம் படி: கதவு, நாற்காலி, கடிகாரம்

கதவு தரையில் உரசினால் உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். மேல் கீலைப் பாருங்கள். திருகாணி ஆடிக்கொண்டிருக்கும். கழற்றி, ஓட்டையில் மரச்சிலும்பைப் பசை தடவி அடைத்து, காய்ந்ததும் திருகாணியைத் திரும்பப் போட்டால் கதவு தானாக மேலே வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவை மழைக்காலத்தில் இழைக்க வேண்டாம், கோடையில் இடைவெளி விழும்.

மர நாற்காலியின் பழைய மெருகைச் சுரண்டி எடுப்பதற்கு முன், அடிப்பக்கத்தில் தெரியாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்து இளகினால் அது அரக்கு மெருகு. புதிதாக அரக்கு மெருகு ஏற்றினால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும், சுரண்டத் தேவையே இல்லை. கைப்பிடியில் கைபட்டு வழுவழுத்த இடம் இருக்குமே, அதை உப்புத்தாள் போட்டால் இரண்டு நிமிடத்தில் புது நாற்காலி ஆகிவிடும். அப்புறம் அது யாருடைய நாற்காலியும் இல்லை. ஆடும் கால்களை ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். இணைப்பைக் கழற்றிப் பழைய பசையைச் சுத்தம் செய்து புதுப் பசை போட்டு, இரவு முழுக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தால் போதும்.

ஊசல் கடிகாரத்தை இடம் மாற்றும்போது ஊசலைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். உள்ளே எண்ணெய் தெளிப்பான் அடிக்காதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். மாட்டிய பிறகு ஓடாமல் நின்று நின்று போனால், கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் காதை வைத்துக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். "டிக்டாக்... டிக்டாக்" என்று நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கிறது. கீழ்ப்பக்கத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ மயிரிழை அளவு நகர்த்திப் பாருங்கள். சத்தம் சீரான இடத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நேரம் பின்தங்கினால் ஊசல் குண்டின் கீழே உள்ள மரையைத் திருகிக் குண்டை ஏற்றுங்கள், முந்தினால் இறக்குங்கள். தாத்தா தினமும் ஒரே நேரத்துக்குச் சாவி கொடுத்ததற்குக் காரணம் இருந்தது; சுருள் தளரத் தளரக் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும்.

எட்டாம் படி: எதை அப்படியே விடுவது

வீடு முழுவதையும் அருங்காட்சியகம் ஆக்கினால் அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள். எனவே, அப்படியே விட வேண்டியவற்றைக் கை விரலில் எண்ணிவிடுமளவு தேர்ந்தெடுங்கள். உயரக் கோடுகள் உள்ள கதவு நிலைக்கு வண்ணம் அடிக்காமல் விடலாம். நிலை உளுத்து மாற்ற வேண்டிவந்தால் அந்தப் பக்கச் சட்டத்தை மட்டும் அறுத்து எடுத்து வேறொரு சுவரில் பொருத்துங்கள், அதே உயரத்தில். சுவரில் எழுதிய எண்களைச் சுற்றி ஒரு சட்டம் அடித்து, அந்தத் துண்டை மட்டும் பழைய வண்ணத்தோடு விட்டுவிடலாம். தேய்ந்த வாசற்படியை மாற்ற வேண்டியதில்லை, கால் இடறாத வரை.

படங்களைச் சுவரில் மாட்டும்போது அசலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிரதியை மாட்டுங்கள். வெளிச்சத்தில் வண்ணப் படம் வெளுத்துக்கொண்டே போகும். ஈரச் சுவரில் மாட்டுவதானால் சட்டத்தின் பின்பக்கம் தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு ஒரு கோப்பு

எல்லாம் முடிந்ததும் ஒரு தடித்த கோப்பு போடுங்கள். சுவர் மூடும் முன் எடுத்த படங்கள், அறை அளவுகள், வண்ணத்தின் பெயரும் எண்ணும், பூச்சுக் கலவையின் விகிதம், தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எது எதைத் துண்டிக்கும், கூரையை எப்போது பார்த்தது, விரிசல்களின் அளவும் தேதியும், வேலை செய்தவர்களின் தொலைபேசி எண்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளியே.

கடைசியாகச் சாவிக்கொத்து. பழைய வீட்டில் ஒரு டப்பா நிறையச் சாவி இருக்கும். ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்து, பொருந்தியவற்றுக்குச் சீட்டுக் கட்டிவிடுங்கள். எதற்கும் பொருந்தாதவற்றை உடனே தூக்கிப் போட வேண்டாம். பங்கு பிரித்தபோது பூட்டிய பெட்டி ஒன்றை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள், அதன் சாவி இதில்தான் இருக்கும்.